ஆணை வந்த மறுநாள்

கூடலூரிலிருந்து பந்தலூர் போகும் வழியில், தேயிலைக்கு நடுவே சின்னச் சின்ன ஓட்டு வீடுகள் தென்படும். தலைக்கு மேல் மின்கம்பி போகும். பல வீடுகளில் விளக்கு எரியாது. காரணம் கேட்டால் 'செக்‌ஷன் 17 நிலம்' என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக்கூட அந்த எண் தெரியும்.

அந்த எண் 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் இருக்கிறது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம உரிமையில், அதாவது பரம்பரை நில உரிமையில், இருந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு, பயிரிட்டவர்களுக்கு ரயத்துவாரிப் பட்டா தருவதுதான் சட்டத்தின் நோக்கம். 8, 9, 10-ஆம் பிரிவுகள் பட்டாவைப் பற்றியவை. தோட்டக் கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்திருந்த நிலம் 17-ஆம் பிரிவில் தனியாக நின்றது. அதன் முடிவு தொங்கியபடியே இருக்க, இடைப்பட்ட காலத்தில் அங்கே குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களும் தொங்கிப்போயின. பட்டா இல்லை, அதனால் மின் இணைப்பு இல்லை, வீட்டுக் கடனும் இல்லை.

சட்டம் வந்ததும் தோட்ட முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் போனார்கள். 1972-ல், காட்டு நிலத்தை எடுப்பது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று சட்டத்தின் ஒரு பகுதி அடிபட்டது. அரசு விடவில்லை. 1974-ல் அரசியலமைப்பின் 34-ஆம் திருத்தம் வழியாக இந்தச் சட்டத்தை, நீதிமன்றச் சவாலிலிருந்து சட்டங்களைக் காக்கும் ஒன்பதாம் அட்டவணையில் கொண்டுபோய் வைத்தது. அதையும் எதிர்த்த வழக்கு 2007 ஜனவரி 11-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பாக முடிந்தது. ஐ.ஆர். கோயலோ வழக்கு என்று நாடு முழுவதும் சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். போதாததற்கு, கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் போட்ட வழக்கில்தான், 1996 டிசம்பர் 12 அன்று 'காடு' என்ற சொல்லுக்கே உச்ச நீதிமன்றம் புதுப் பொருள் சொன்னது. யார் பெயரில் இருந்தாலும், அகராதிப்படி காடாக இருந்தால் அது காடு. அந்த ஓர் உத்தரவு இந்தியா முழுவதும் மரம் வெட்டுவதை மாற்றியது.

ஒரு சின்ன மலைத் தாலுகா நாட்டுக்கே இரண்டு பெரிய தீர்ப்புகளைக் கொடுத்திருக்கிறது. ஓட்டு வீட்டில் இன்னும் மண்ணெண்ணெய் விளக்கு. போராடுகிறவர்கள் எல்லோரும் சட்டம் வாங்குவதையும் தீர்ப்பு வாங்குவதையும் அரசாணை வாங்குவதையும் முடிவு என்று எண்ணிக்கொள்கிறோம். அரசின் கொள்கை உண்மையில் தீர்மானமாவது ஆணை வந்த மறுநாளிலிருந்து. விதி எழுதும் மேசையில், சர்வே எண் பட்டியலில், குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், எடை மேடையில். அங்கே ஒவ்வொரு வேலை நாளும் போய் உட்கார முடிந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கிறார்கள். நீலகிரியின் வரலாற்றை எங்கே தொட்டாலும் இது தெரியும்.

முதல் சங்கம்

இந்த மலையில் அரசுக் கொள்கையை மாற்றிய முதல் சங்கம் வேட்டைக்காரர்களுடையது. 1877-ல் ஊட்டியில் ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில், 1879-ல், நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எந்தக் காலத்தில் வேட்டை கூடாது, யாருக்கு உரிமம் என்பதெல்லாம் சட்டமானது. வரையாடு இன்று முக்குருத்தியில் நிற்கிறதென்றால் அந்தச் சட்டத்துக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அதே காட்டில் காலங்காலமாக வாழ்ந்துவந்த குறும்பருக்கும் இருளருக்கும் அந்த அறையில் நாற்காலி கிடையாது. அறைக்குள் இருந்தவர்களின் விளையாட்டு சட்டமாயிற்று. வெளியே இருந்தவர்களின் சோறு குற்றமாயிற்று.

சங்கத்துக்கும் இயக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேயே இருக்கிறது. சங்கத்துக்கு ஆட்கள் கொஞ்சம், கேட்பது ஒன்றே ஒன்று, வேலை தெரிந்த ஒரு செயலாளர், சந்தா, அலுவலகம். இயக்கத்துக்கு ஆட்கள் ஆயிரக்கணக்கில், கேட்பதும் பத்து, கையில் காசில்லை. கூட்டம் கூட்டினால் அரசு திரும்பிப் பார்க்கும். கூட்டம் கலைந்த மறுநாள் கோப்பு யார் மேசைக்குப் போயிற்று என்று பார்க்க ஆள் இருக்காது. இயக்கம் தோற்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் கூடலூர் ஆதிவாசிகள். 1988 டிசம்பர் 5 அன்று பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், இருளர் என்று ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கூடலூர் வீதியில் நிலம் கேட்டு நடந்தார்கள். அதுவரை ஒதுங்கி நின்றவர்கள் நடுத்தெருவில் வந்ததும் ஊரே வாயடைத்தது. ஊர்வலத்தைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊர் ஊராகச் சங்கம் வைத்து, ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் என்ற குடைக்குள் வந்து, தங்கள் நிலத்தில் தேயிலையும் காப்பியும் மிளகும் நட்டார்கள். ராகி விதைத்தால் அறுத்த மறுமாதம் நிலம் வெறும் நிலம். தேயிலை நட்டால் செடியே சாட்சி. பறிக்கப் போகும் ஒவ்வொரு வாரமும் அனுபவ உரிமைக்கு ஆதாரம். பட்டா கைக்கு வரும்முன்பே நிலத்தின் மேல் கைரேகை வைத்த வேலை அது.

கிராம சபை எந்தக் கிராம சபை?

காட்டில் வாழ்கிறவர்களுக்கு அந்த நிலத்திலும் காட்டிலும் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளும் வாழும் மாவட்டம் நீலகிரி. நியாயமாகப் பார்த்தால் சட்டம் முதலில் இங்கேதான் பலித்திருக்க வேண்டும். ஆனால் சட்டத்தை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2008-ல், நீதிமன்றத்தைக் கேட்காமல் உரிமைப் பத்திரம் வழங்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. 2016-ல்தான் அந்தத் தடை விலகியது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எட்டு ஆண்டு நிறுத்திவைக்க ஒரு மனு போதுமாக இருந்தது.

தடை போன பிறகும் மனுக்கள் தள்ளுபடியாவதற்கு முதல் காரணம் கிராம சபைதான். ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சித் தலைவர் கூட்டும் கிராம சபையிலேயே வன உரிமைத் தீர்மானத்தையும் சேர்த்து நிறைவேற்றிவிடுகிறார்கள். ஊராட்சிச் சட்டப்படி அந்தச் சபைக்குக் குறைவெண் (கோரம், வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வன உரிமை விதிகள் கேட்பது வேறு. மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும். மனுவைப் பற்றிய தீர்மானமென்றால் மனு செய்தவர்களில் பாதிப் பேராவது அங்கே இருக்க வேண்டும். நீலகிரியில் இருப்பதே 35 கிராம ஊராட்சிகள்தான். ஒவ்வொன்றும் பல மலைகளைத் தாண்டி விரியும். ஊராட்சி அளவில் பாதிப் பேரைக் கூட்டுவது நடக்காத காரியம். அதனால்தான் குக்கிராம அளவில், பாடி, மந்து, கோக்கால் என்னும் பழங்குடிக் குடியிருப்பு அளவில் சபை கூட்டலாம் என்று பழங்குடியினர் நல அமைச்சகத்தின் 2012 வழிகாட்டுதல் சொல்கிறது. முப்பது வீட்டு ஊரில் நாற்பது பேர் உட்கார்ந்து கையெழுத்திட்ட தீர்மானம் நிற்கும். ஊராட்சி அலுவலகத்தில் நூறு பேர் கையெழுத்திட்டது நிற்காமல் போகலாம்.

வன உரிமைக் குழுவுக்கு 10 முதல் 15 பேர். பழங்குடியினர் மூன்றில் இரண்டு பங்கு, பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. தனிநபர் நிலத்துக்குப் படிவம் 'அ', சமூக உரிமைக்குப் படிவம் 'ஆ', காட்டையே பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் 'இ'. எல்லோரும் 'அ' மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டடி நிலம் கிடைக்கும். ஆனால் தேன் எடுக்கும் பாறையும், சீகைக்காய் பொறுக்கும் காடும், இடுகாட்டுக்குப் போகும் பாதையும் பழையபடி வனக்காவலரின் மனசைப் பொறுத்ததாகவே இருக்கும். மூன்றையும் ஒன்றாகப் போடுவதுதான் நல்லது.

ஆதாரம் குறைந்தது இரண்டு வேண்டும் என்பது விதி. செயற்கைக்கோள் படம்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. பழைய கிணறு, வீட்டு அடித்தளம், இடுகாடு, சாமி கும்பிடும் கல், எல்லாமே ஆதாரம். பெரியவர் வாக்குமூலமும் ஆதாரம்தான். ஆனால் அதை எழுத்தில் எடுக்க வேண்டும், சொல்கிறவர் மனுதாரராக இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையில் பலர் சறுக்குகிறார்கள். ஊரின் மூத்தவர் தனக்கும் மனு போட்டுவிட்டு, அந்த மனுவுக்கே தானே சாட்சியும் சொல்லிவிடுவார். பக்கத்து ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டால் தீர்ந்தது.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் நாள் சொல்லி, அந்தக் கடிதத்தின் நகலில் 'பெறப்பட்டது' என்று முத்திரை வாங்கிவைக்க வேண்டும். 'சார், இந்த நகல்ல ஒரு சீல் வெச்சுக் குடுங்க' என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் மலையில் அதிகம். அந்தச் சீலுக்கு என்ன மதிப்பென்று பாருங்கள். அதிகாரிகள் வராமல் இருந்துவிட்டுப் பின்னால் சமூக உரிமை மனுவுக்கு ஆட்சேபம் சொன்னால், மனு மறு ஆய்வுக்குத் திரும்பும். இரண்டாம் முறையும் அவர்கள் வராவிட்டால் கள ஆய்வில் கிராம சபையின் முடிவே இறுதி. முத்திரை இல்லாவிட்டால், அழைத்தோம் என்று நிரூபிக்க வழியே இல்லை.

தள்ளுபடி என்றால் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். அதிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு. 2019 பிப்ரவரி 13 அன்று, தள்ளுபடியான மனுதாரர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது நாடே கொதித்தது. பதினைந்தே நாளில், பிப்ரவரி 28 அன்று, அதே நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மக்கள் எழுச்சி மத்திய அரசை அசைத்தது உண்மை. நீதிமன்றத்தில் எடுபட்ட வாதமோ எளிமையானது: தள்ளுபடிகள் முறைப்படி நடக்கவில்லை, காரணம் சொல்லப்படவில்லை, மேல்முறையீட்டுக்கு வாய்ப்புத் தரவில்லை. முத்திரை வாங்கிவைத்த காகிதங்கள் பேசுவது அப்படிப்பட்ட நாளில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், மின்கம்பம் போன்ற 13 வசதிகளுக்கு இதே சட்டத்தின் 3(2)-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபைப் பரிந்துரையோடு. வனத்துறை விடமாட்டேன் என்கிறது என்று பத்து வருடமாகக் கிடக்கும் சாலைக் கோப்புகளில் கிராம சபைப் பரிந்துரை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எடை மேடை

தேயிலைக்கு வருவோம். ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களின் அரசியல் முழுவதும் ஒரே கேள்வியில் அடங்கும்: பசுந்தேயிலை கிலோ என்ன விலை?

2023-ல் கோத்தகிரிப் பக்கம் படுகர்களின் நாக்குபெட்டா நலச்சங்கத்தார் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். படுகர் நாட்டின் நாலு சீமை (நான்கு பிரிவு) ஊர்களும் முறைவைத்து வந்து உட்கார்ந்தன. ஊர் கட்டுப்பாட்டை வைத்து ஆள் சேர்ப்பதில் படுகர் சமுதாயத்துக்கு நிகர் இந்த மலையில் யாருமில்லை. கேட்டது குறைந்தபட்ச ஆதார விலை: உற்பத்திச் செலவும் அதன்மேல் பாதியும்.

ஆனால் தேயிலைக்கு நெல்லைப் போல அரசு கொள்முதல் இல்லை. விலையைத் தீர்மானிப்பது 2003-ஆம் ஆண்டின் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையின் 30-ஆம் பத்தி. தொழிற்சாலை சிறு விவசாயிக்கு 'நியாயமான விலை' தர வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த 'நியாயம்' ஒரு கணக்கு. ஏலத்தில் தேயிலைத் தூள் விற்ற சராசரி விலையில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35. இதை வைத்து மாதாமாதம் தேயிலை வாரியம் மாவட்டச் சராசரி விலையை அறிவிக்கும். ஆட்சியர் தலைமையில் மாவட்ட விலைக் கண்காணிப்புக் குழு இருக்கிறது.

கணக்கை ஒரு எடுத்துக்காட்டில் போட்டுப் பார்ப்போம். ஏலச் சராசரி கிலோ 110 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 65 பங்கு 71.50. நூறு கிலோ இலையிலிருந்து 22.5 கிலோ தூள் வருவதாகக் கொண்டால், ஒரு கிலோ இலைக்கு விலை 16.09 ரூபாய். தூள் 25 கிலோ வருவதாகக் கொண்டால் 17.88. பங்கீட்டில் கையே வைக்கவில்லை; தூள் விகிதம் ஒன்று மாறியதற்கே கிலோவுக்கு 1.79 ரூபாய் வேறுபாடு. உண்ணாவிரதப் பந்தலில் யாரும் இந்த விகிதத்தைப் பற்றிக் கோஷம் போடுவதில்லை. கண்காணிப்புக் குழுவில் பேச வேண்டிய முதல் விஷயமே இதுதான்.

இப்போது இலை ஷெட்டுக்கு வாருங்கள். மத்தியானம் சாக்கு மூட்டைகள் வந்து இறங்கும். மழை நாளென்றால் இலையில் ஈரம் இருக்கும். தொழிற்சாலைக்கு இலை வாங்கித் தரும் லீஃப் ஏஜென்ட் தராசைப் பார்ப்பார், மூட்டையைக் கையால் அமுக்கிப் பார்ப்பார், ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு நோட்டில் எழுதுவார். நூறு கிலோவுக்கு எட்டுக் கிலோ கழிவு என்றால், மேலே சொன்ன விலையில் போனது 128 ரூபாய் 72 காசு. பங்கீட்டில் விவசாயிக்கு ஐந்து புள்ளி கூட்டித் தரும்படி டில்லிவரை போய்ப் போராடி வென்றால், அதே நூறு கிலோவுக்குக் கிடைக்கும் கூடுதல் 123 ரூபாய் 75 காசு. பல வருடப் போராட்டத்தில் வாங்கியதை ஷெட்டில் ஒரே எழுத்தில் எடுத்துவிட முடியும். அதனால்தான் விலைக் கோரிக்கையோடு மின்னணுத் தராசு, அச்சிட்ட சீட்டு, கழிவைச் சீட்டிலேயே தனி வரியில் காட்டுவது என்று மூன்றையும் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். சீட்டில் கழிவு தனியாகத் தெரிந்தால் மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கலாம். கூட்டிப் பார்த்ததை ஆட்சியர் முன்னால் வைக்கலாம்.

அரசு தரப்பில், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ் ('இன்கோ') இருக்கிறது, 1965-லிருந்து. கூட்டுறவுத் தொழிற்சாலை உறுப்பினர்களுக்கு மாநில அரசு அதன் வழியாக உதவ முடிகிறது. தனியார் தொழிற்சாலைக்கு இலை போடுகிறவருக்கு அந்தக் கை எட்டாது. ஒரே ஹட்டியில் அண்ணன் இன்கோ உறுப்பினர், தம்பி தனியாருக்குப் போடுகிறவர். அரசு இன்கோவுக்கு ஊக்கத்தொகை அறிவித்தால் போராட்டத்தின் பாதி பலம் அன்றே கரைந்துவிடும். எந்த அரசும் கூட்டத்தைப் பிரிக்கத் தடியடியைவிட எளிதாகக் கையாளும் வழி இதுதான்: ஒரு பகுதிக்கு மட்டும் கொடுப்பது. கோரிக்கையை எழுதும்போதே இரண்டு வகையினரையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

சர்வே எண்

சீகூர்ப் பீடபூமியில் யானை வழித்தடம் என்று 2010 ஆகஸ்ட் 31-ல் அரசாணை வந்தது. உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் அதை உறுதி செய்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14-ல் இறுதித் தீர்ப்பு யானைக்குச் சாதகம். யானைக்கு வழி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. கிழக்குத் தொடருக்கும் மேற்குத் தொடருக்கும் நடுவே அந்த ஒடுக்கமான நிலத்தை அடைத்துவிட்டால் அவற்றுக்குப் போக வேறு இடம் கிடையாது.

ஆனால் வழித்தடம் என்பது வரைபடத்தில் ஒரு பட்டை, பட்டைக்குள் சர்வே எண்கள். ரிசார்ட் உரிமையாளர்களுக்கு முதுமலை விருந்தோம்பல் சங்கம் இருந்தது. உச்ச நீதிமன்ற வழக்கே அந்தச் சங்கத்தின் பெயரில்தான் இருக்கிறது. மூத்த வழக்கறிஞர்கள் வைத்து ஒவ்வொரு எண்ணையும் எதிர்த்தார்கள். பொக்காபுரத்திலும் மாவனல்லாவிலும் வாழைத்தோட்டத்திலும் அரை ஏக்கரில் மாடு வளர்த்தவருக்குத் தன் எண் பட்டியலில் இருப்பதே பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. தீர்ப்பு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் மூவர் குழு அமைத்துத் தனித்தனி ஆட்சேபங்களைக் கேட்கச் சொன்னது. அந்தக் குழுவின் முன்னால் வேலை செய்யும் மனு ஒரு பக்கம்தான் இருக்கும்: சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, எந்த ஆண்டிலிருந்து குடியிருப்பு, வீட்டு வரி ரசீது, வேலி என்ன வகை, யானை எந்தப் பக்கம் போகிறது. ஊர் முழுவதும் சேர்ந்து கையெழுத்திட்ட நாற்பது பக்க எதிர்ப்பு மனுவில் தனி ஒருவரின் வீடு காணாமல் போய்விடும்.

சுரங்கம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மேற்குத் தொடர்ச்சி மலை சூழல் உணர்திறன் பகுதி விஷயத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 2014 மார்ச்சில் முதல் வரைவு அறிவிக்கை. 2024 ஜூலை 31-ல் ஆறாவது வரைவு. அந்தப் பகுதியைப் பரிந்துரைத்த கஸ்தூரிரங்கன் குழு அறிக்கை 2013-லேயே வந்துவிட்டது. ஒவ்வொரு வரைவுக்கும் 60 நாள் ஆட்சேபக் காலம், காலாவதி, மறு வரைவு. ஒரு சட்டத்தைத் தோற்கடிக்கத் தேவையே இல்லை, வரைவாகவே வைத்திருந்தால் போதும் என்று சுரங்கக்காரர்களும் மாநில அரசுகளும் நன்றாகக் கற்றிருக்கிறார்கள்.

சிங்காரா நியூட்ரினோ ஆய்வகம் வேறு மாதிரி முடிந்தது. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் மலையைக் குடைவது வேண்டாம் என்று உள்ளூர் அமைப்புகளும் வன ஆர்வலர்களும் யானை நடமாட்டத் தரவோடு நின்றார்கள். 2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. திட்டம் தேனி மாவட்டம் போடி மலைக்குப் போயிற்று. நம் மலையில் நிறுத்தியதைக் கொண்டாடும்போது, அதை வாங்கிக்கொண்ட மலையின் மக்கள் அதே போராட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததையும் நினைக்க வேண்டும்.

நீதிமன்றக் குறுக்குவழி

காட்டுக்குள் உடைந்து கிடக்கும் மதுப் பாட்டிலை யானை மிதித்துப் புண்ணாவதைச் சொல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். 'மதுக்கடையை மூடு' என்று கேட்டிருந்தால் வழக்கு இன்றும் நடந்துகொண்டிருக்கும். பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் அதைத் தருவது என்ற திட்டம் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போயிற்று. கையில் எண்ணிப் பார்க்கக்கூடிய தீர்வு நீதிபதிக்கும் அதிகாரிக்கும் பிடிக்கும். விற்றது எத்தனை, திரும்பியது எத்தனை என்று மாதாமாதம் கேட்கலாம். கடை ஊழியர்கள் இடமில்லை, ஆளில்லை என்று எதிர்த்ததும் நியாயம்தான். அவர்களை முதல் நாளே கலந்து பேசாதது திட்டத்தின் குறை.

மலைக்கு வரும் வண்டிகளுக்கான இணைய அனுமதிச் சீட்டு, இ-பாஸ், அவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் எண்ணிக்கைக்கும் வரம்பு: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் வணிகர்கள் கடையடைத்தார்கள். வரம்பு எந்தச் சுமையைக் கணக்கிட்டு வந்தது என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குன்னூர்க் குடித்தனக்காரருக்கும் அதே உரிமை உண்டு. அவருக்குச் சங்கம் இல்லை, ஷட்டரும் இல்லை, அதனால் அவர் குரல் செய்தியாகவில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் செய்யும் தாங்குதிறன் ஆய்வில் குடிநீர், கழிவுநீர், குப்பை மூன்றின் வார்டு வாரிக் கணக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் யாரோ, அவருடைய எண்ணே நாளைய வரம்பாகும். நகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஒரு மனுவில் ஒரு வார்டு, ஒரு ஆண்டு என்று கேளுங்கள். 'கடந்த பத்து ஆண்டு முழு விவரம்' என்று கேட்டால், தொகுத்துத் தர இயலாது என்று ஒற்றை வரியில் திரும்பிவிடும்.

நாள்காட்டி

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனு கொண்டுபோகிறவர்கள் ஒரே தாளில் சாலை, பட்டா, ரேஷன், யானை நான்கையும் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தாள் நான்கு துறைக்கும் நகலாகப் போகும், நான்கு துறையும் 'இது எங்களைச் சார்ந்ததல்ல' என்று எழுதும். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை, முடிவெடுக்கும் அதிகாரியின் பதவி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, கடைசியில் மனு எண். பட்டா, சிட்டா திருத்தமென்றால் ஜமாபந்தி நாளைத் தவறவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறைதான் கிராமக் கணக்குகள் எல்லாம் ஒரே மேசையில் விரிந்திருக்கும்.

மாநில அளவில் கேட்பதென்றால் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது போனால் தாமதம். துறைகள் அறிவிப்புகளை அதற்கு முன்பே முடிவு செய்துவிடும். டிசம்பர், ஜனவரியில் துறைச் செயலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே வரைவு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், செலவுத் தொகையோடு. எவ்வளவு ஆகும் என்று சொல்லாத கோரிக்கையை நிதித்துறை படிப்பதே இல்லை.

குழுவில் இடம் கிடைத்துவிட்டால், அது விலைக் கண்காணிப்புக் குழுவாகட்டும் கோட்ட அளவிலான வன உரிமைக் குழுவாகட்டும், அங்கே பேசியது எழுத்தில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். கூட்டம் முடிந்த அன்றே, நாம் சொன்ன கருத்தை நாலு வரியில் கடிதமாக எழுதித் தலைவருக்குக் கொடுத்துவிடுவது நல்ல பழக்கம். நடவடிக்கைக் குறிப்பு ஒரு மாதம் கழித்து வரும். அதில் 'உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர்' என்று மட்டும் இருந்தால், அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அந்தக் கடிதத்தைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு பேராகப் போங்கள்: ஒருவர் பேச, ஒருவர் எழுத. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்தக் கூலியைச் சங்க நிதியிலிருந்து முதலில் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது கூட்டத்துக்கும் அவர் வருவதற்கு அது வேண்டும்.